இரவல் குரல்

அத்தியாயம் – 9

"வரேன்" என்று அவள் சொன்ன ஒற்றை வார்த்தை அந்த வாரம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அண்ணன் ஒரு படத்துக்குக் குரல் கொடுக்க வருகிறாயா என்று மென்று விழுங்கிக் கேட்டதும், அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனதும், அந்த இடைவெளியில் இவள் சட்டென்று "வரேன்" என்றதும்தான் நடந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்த பேச்சைவிட எடுக்காத பேச்சுக்குத்தான் வீட்டில் எடை அதிகம்.

சனிக்கிழமை காலை அண்ணன் கார் சாவியை எடுத்தபோது அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எங்கம்மா கிளம்பிட்டே? கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். இவ பேசுறது அங்க யாருக்குப் புரியும்? நான் இல்லாம எப்படி?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. குரல் வேண்டும் என்றுதான் அங்கே கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் குரலுக்கு உரை எழுத அம்மா புறப்பட்டுவிட்டாள்.

வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். வைத்தவன் அண்ணன். "ஸ்டேஷன் சரியாக் கிடைக்காது, ஆனா அணைக்கவும் முடியாது" என்று சின்ன வயதில் அவன் செய்த கிண்டல் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போகச் சற்றே தாமதமாகிவிட்டது. அன்றிலிருந்து இடது கையும் நாக்கும் உதடும் சொன்ன பேச்சைக் கேட்க நேரம் எடுத்துக்கொள்ளும். மனசுக்குள் வாக்கியம் எக்ஸ்பிரஸாகக் கிளம்பும். வெளியே வரும்போது எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று வரும்.

அதனால் அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அவளைத் தெரியாது. துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர் புகார்களுக்குக் கணினியில் பதில் எழுதுவது அவள் வேலை. போன மாதம் ஒருவர், 'இந்தக் கம்பெனியில் நீங்கள் ஒருவர்தான் தெளிவாகப் பேசுகிறீர்கள்' என்று எழுதியிருந்தார். அதைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பி, கீழே 'பார்த்துக்கோ' என்று போட்டிருந்தாள்.

கார் பெரிய சாலையில் ஏறியது.

"படத்துல இவ பேர் வருமா?" அம்மா கேட்டாள்.

அண்ணன் காரின் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்தான். சரியாகத்தான் இருந்தது. "வராதும்மா. அந்த நடிகையே பேசின மாதிரிதான் வெளிய சொல்லப்போறாங்க. அந்தப் பொண்ணுக்கு விருது கிருதுன்னு ஒரு பேச்சு ஓடுது."

"நல்லதாப் போச்சு. பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். யாருக்கும் தெரியாம இருந்தா சரி."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பயம் எங்கே பிறந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது மூன்று பேரும் ஒரு படத்துக்குப் போயிருந்தார்கள். அதில் ஒரு வேலைக்காரன் வருவான். வாயைக் கோணிக்கொண்டு, எச்சில் தெறிக்க, எதையோ உளறுவான். அவன் வாயைத் திறந்தாலே தியேட்டர் அதிர்ந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் இவள்தான். சிரித்துக்கொண்டே அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் சிரிக்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரையில் இருப்பது யார் என்று.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அந்த வேலைக்காரனின் பெயர் அவளுக்கு முன்பே போய்க் காத்திருந்தது. பள்ளியை முடிக்கும்வரை அது போகவில்லை. அம்மா அதன் பிறகு தியேட்டர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

இப்போது அதே மாதிரிப் பேசுகிற ஒரு பெண்ணைக் கதாநாயகியாக வைத்து ஒரு படம். முழுக்க எடுத்தாயிற்று. நடிகை தானே பேசியும் பார்த்தாள். தெரிந்தவர்கள் சிலரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியபோது, அழ வேண்டிய இடத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். "குரல் பொய்யா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ரிலீஸ் தேதி போஸ்டரில் ஏறிவிட்டதால் இயக்குநருக்குத் தூக்கம் போனது. தன் ஒலிப்பதிவாளரின் வீட்டில் ஒரு தங்கை இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. அண்ணனுக்கோ, தலைமைப் பொறுப்பில் இதுதான் முதல் படம். மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் துணி போர்த்தியிருந்தது. கதவைச் சாத்தினால் தன் மூச்சே பக்கத்து ஆள் மூச்சு மாதிரி கேட்டது. எதிரே பெரிய திரை. ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் புறம் அண்ணனின் இருக்கை. கைவைத்த உயரமான நாற்காலி ஒன்றை அவன் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான். இடது முழங்கைக்கு ஊன்றிக்கொள்ள இடம் கிடைத்தால் அவளுக்குப் பேச்சு லேசாக வரும். அது அவனுக்குத் தெரியும்.

இயக்குநர் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். "வாங்கம்மா. அவங்களுக்குக் குடிக்க ஏதாவது வேணுமா?"

"வெந்நீர் கொடுங்க."

"எனக்குப் பச்சைத் தண்ணி போதும்" என்றாள் அவள்.

இயக்குநர் அம்மாவைப் பார்த்தார்.

"பச்சைத் தண்ணி போதுமாம்."

"ஓ, சரி சரி. அவங்க வசனத்தைப் படிச்சுட்டாங்களா?"

"படிச்சுட்டேன்" என்றாள் அவள்.

"படிச்சுட்டாளாம்" என்றாள் அம்மா.

கண்ணாடிக்கு அந்தப் புறம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது.

முதல் காட்சி ரயில் நிலையத்தில். டிக்கெட் கொடுப்பவரோடு கதாநாயகி வாக்குவாதம் செய்கிறாள். திரையில் நடிகையின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண் மேலே போனது. கை கோழிக்கால் மாதிரி மடங்கியது. 'எனக்கு ஜன்னல் சீட் வேணும்' என்ற சின்ன வாக்கியத்தை, ஒவ்வொரு எழுத்தாகக் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இறைத்தாள்.

அவள் ஒலிவாங்கியின் முன் பேசினாள். 'எனக்கு' சுலபமாக வந்துவிட்டது. 'ஜன்னல்' கொஞ்சம் முரண்டு பிடித்தது. அதைத் தாண்டியதும் 'சீட் வேணும்' ஒரே ஓட்டமாக ஓடிவந்தது.

அவள் பேசி முடித்தபோது திரையில் நடிகை 'ஜன்ன'வில் இருந்தாள்.

மறுபடி பேசினாள். இந்த முறை வாய் மூடியிருந்தபோது குரல் வந்தது. வாய் திறந்தபோது குரல் இல்லை. ஒருத்தர் சட்டையை இன்னொருத்தர் மாட்டிக்கொண்ட மாதிரி, எங்கே இழுத்தாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

இயக்குநர் தாடியைச் சொறிந்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. திரையில அவங்க எப்படி இழுத்துப் பேசுறாங்களோ, அதே மாதிரி இவங்களும் கொஞ்சம் இழுத்துப் பேசட்டும்."

அம்மா வாயைத் திறந்தாள். இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

அதாவது, அவளைப் போல நடித்தவளைப் போல, இப்போது அவள் நடிக்க வேண்டும்.

சரி, வந்தது வந்தாயிற்று என்று முயன்றாள். எல்லா எழுத்தையும் இழுத்தாள். பாதியிலேயே அண்ணனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"சார், இப்போ இவ குரலும் பொய்யா இருக்கு."

"அப்போ வெட்டி ஒட்டுங்க. நடுவுல இருக்கிற இடைவெளியை எடுத்துட்டு, வாயசைவுக்கு ஏத்த மாதிரி இழுத்துவிடுங்க. மிஷின் இருக்குல்ல?"

அண்ணன் வேலையில் இறங்கினான். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டுக் காட்டினான். வாயசைவு பொருந்தியது. ஆனால் அவள் மூச்சு எடுத்த இடமெல்லாம் காணாமல் போயிருந்தது. மூச்சே விடாத ஒருத்தி தன் குரலில் பேசுவது மாதிரி இருந்தது.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு பொத்தானை அழுத்தினான். கணினித் திரையில் கோடுகோடாக இருந்த குரல் அழிந்தது.

"என்ன பண்றீங்க?"

"இதை என்னால பண்ண முடியாது சார்."

"முடியாதா, மாட்டீங்களா?"

அண்ணன் எதற்கும் சட்டென்று பதில் சொல்கிறவன் இல்லை. யோசித்தான். "ரெண்டும்தான்" என்றான்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. கத்தவில்லை. "முதல்ல சாப்பிட்டுட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

சாப்பாட்டு அறையில் ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். மேக்கப் இல்லாத முகம், கலைந்த தலை. திரையில் பார்த்த வாய் இப்போது நேராக இருந்ததால் யாரென்று பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. நடிகை.

"வெளிய நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள். "நான் தப்பாப் பண்ணிட்டேனா? மறைக்காம சொல்லுங்க."

அம்மா அவசரமாக, "அய்யோ, பிரமாதமாப் பண்ணியிருக்கீங்கம்மா" என்றாள்.

நடிகை அம்மாவைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவள் என்று இவளுக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

"நீங்க நல்லாக் கஷ்டப்பட்டிருக்கீங்க" என்றாள் இவள் நிதானமாக. "அதான் சிக்கல். நீங்க கஷ்டப்படுறதை நடிச்சிருக்கீங்க. நான் கஷ்டப்படலை. பேசுறேன்."

நடிகை கையில் இருந்த கரண்டியைத் தட்டில் வைத்தாள். முகம் சிவந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

"மாசக்கணக்கா கண்ணாடி முன்னாடி பழகினேன். வாயை இழுத்து இழுத்து தாடையே வலிச்சுது. யாரும் என்கிட்ட இப்படிச் சொல்லலை." தண்ணீரைக் குடித்தாள். "எனக்கே முதல்ல தயக்கம்தான். நிஜமாவே இப்படிப் பேசுறவங்க யாரையாவது போடலாமேன்னு கேட்டேன். ரொம்பத் தேடினாங்களாம். யாருமே கிடைக்கலையாம்."

இவளுக்குப் புரை ஏறியது. அம்மா எழுந்து தலையில் தட்டினாள்.

கிடைக்கவில்லையா?

அன்றைக்கு அவள் "வரேன்" என்றதற்கான காரணம் அண்ணனுக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அது 'பட்டாசு'வுக்காக.

பேச்சுப் பயிற்சிக்குக் காத்திருக்கும் பெஞ்சில், கவுன் போட்ட வயதில் ஆரம்பித்த சிநேகம் அது. இரண்டு பேருக்கும் நாக்கு ஒரே மாதிரி முரண்டு பிடிக்கும். பட்டாசு இதைவிட ஒரு படி மேலே, சக்கர நாற்காலியில் வருவாள். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, திரி வைத்தால் தெரு முழுக்க வெடிக்கும். வளர்ந்து ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தாள். நீதிபதியாக நடித்தாள், திருடியாக நடித்தாள். ஒரு நாடகத்தில் கொடுங்கோல் ராஜா. அவள் சிம்மாசனத்தில் இருந்து "இழுத்துப் போங்கடா இவனை" என்றபோது முன் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பட்டாசு அதைத் தன் வாழ்நாள் சாதனையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இதே படத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போட்டோவோடு இதே இயக்குநரின் ஆபீசுக்குப் போனவள் அவள். வாசலில் இருந்த உதவியாளர் இரண்டு வாக்கியம் கேட்டார். "ஹீரோயின் பேசுறது ஜனங்களுக்குப் புரியணும்ல? நீங்க பேசுறது எனக்கே புரியலையே" என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்குப் பட்டாசு போனில் சிரித்துச் சிரித்துத்தான் இதைச் சொன்னாள். அதன் பிறகு ஒத்திகைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவளை அனுப்பிவிட்டவர்களிடம் அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவள் "வரேன்" என்றாள்.

"ஒருத்தி வந்தா" என்றாள் அவள் நடிகையிடம்.

"யாரு?"

"சொல்றேன். முதல்ல வேலையைப் பார்ப்போம்."

மதியத்துக்கு மேல் கடைசிக் காட்சி. இது பொருந்திவிட்டால் மற்றதை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்றார் இயக்குநர். நடிகையும் உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

பஸ் நிறுத்தம். மழை. காதலன் பெட்டியோடு நிற்கிறான். கதாநாயகி அவனைத் தானே அனுப்பிவைக்கிறாள். திரையில் நடிகையின் கன்னத்தில் மழையும் கண்ணீரும் கலந்து ஓடின.

அவள் தாளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"நான் விரிசல் விட்ட கண்ணாடி. என்னைப் பார்த்தா உங்க முகமும் உடைஞ்சுதான் தெரியும். நான் உங்களுக்குப் பாரம். குறை இல்லாத ஒருத்தியோட நல்லா வாழுங்க. எங்கேயோ ஒரு மூலையில இருந்து, உங்க சந்தோஷத்தைப் பார்த்துக்கிட்டே..."

'பார்த்துக்கிட்டே'வுக்கு மேல் போக முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.

"மன்னிச்சுடுங்க. திரும்ப எடுக்கலாம்."

திரும்ப எடுத்தார்கள். இந்த முறை 'பாரம்' வரைக்கும்தான் தாங்கியது. மூன்றாவது தடவை 'கண்ணாடி'யிலேயே விரிசல் விட்டது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் புறம் அண்ணன் முகத்தை மூடிக்கொண்டான். நடிகை உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அவளும் சிரித்துவிட்டாள்.

"இதுல என்னம்மா சிரிப்பு?" இயக்குநருக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "படத்தோட உயிரே இந்த வசனம்தான். எழுதும்போது நானே அழுதேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார், இவ்வளவு நீளமா, அழுதுகிட்டே, உவமையெல்லாம் போட்டுப் பேச எங்களுக்கு மூச்சு ஏது? எனக்கு வார்த்தை குழாய்ல சொட்டுற தண்ணி மாதிரி. பிடிச்சு வச்சுத்தான் செலவு பண்ணுவேன்."

அம்மா தன் வேலையைத் தொடங்கினாள். "அவ என்ன சொல்றான்னா..."

"புரிஞ்சுதும்மா" என்றார் இயக்குநர்.

அம்மா அப்படியே நின்றாள். புரிந்தது என்று அவர் சொன்னது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். காலையில் தண்ணீருக்குத் தடுமாறியவர். காது அரை நாளில் பழகிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

"அது மட்டும் இல்லை" என்றாள் அவள். "இவ பாரம்னு யார் சொன்னா? அவனா?"

"அவன் சொல்லலை. இவளா நினைச்சுக்கிறா. தியாகம்."

"அவனைக் கேட்டாளா?"

"கேக்கலை."

"இவ்வளவு நாள் பழகிட்டு, கேக்கவே இல்லை. பெட்டியை மட்டும் கட்டிக் கொடுத்துட்டா." பேச்சை நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டாள். யாரும் குறுக்கே பேசவில்லை. "என்னை மாதிரி ஒரு சின்னப் பொண்ணு இந்தப் படத்தைப் பார்ப்பா, சார். அவ அம்மாவோட வந்திருப்பா. இதைப் பார்த்துட்டு என்ன நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவா? விலகிப் போறதுதான் நமக்கு அழகுன்னா?"

அம்மாவின் கை கைப்பையைத் தேடியது. அவள் அதைக் கவனித்தாள்.

இயக்குநர் திரையைப் பார்த்தார். அதில் காதலன் பஸ் பக்கம் பாதி திரும்பியபடி உறைந்து நின்றான்.

"சரி. நீங்களா இருந்தா அந்த இடத்துல என்ன சொல்வீங்க?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் நினைக்கவில்லை. திரையில் இருந்தவனின் முதுகைப் பார்த்தாள். எத்தனை முதுகுகள். ஜாமான் கேட்டு முடிப்பதற்குள் அடுத்தவரிடம் திரும்பிய கடைக்காரர்கள். 'சிக்னல் சரியில்லை' என்று போனை வைத்தவர்கள். கை தூக்கியபோது 'அப்புறம் சொல்லும்மா' என்று பாடத்தைத் தொடர்ந்த வாத்தியார்கள். பாசத்தோடு அவள் வாக்கியத்தின் மிச்சத்தைத் தானே சொல்லி முடித்துவிடுகிறவர்களும் அதில் உண்டு.

ஒலிவாங்கியின் பக்கம் குனிந்தாள்.

"இரு. நான் பேசி முடிக்கலை."

 கண்ணாடிக்கு அந்தப் புறம் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் பதிவை நிறுத்தியிருக்கவில்லை.

அம்மா சுவரோரமாக இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "நானும் அப்படித்தான் பண்றேன், இல்லடி?" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் இல்லை என்று சொல்லவில்லை. நாற்காலியில் இருந்து வலது கையை நீட்டினாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் இயக்குநர். அண்ணன் போட்டான். படம் இல்லாமல் குரல் மட்டும் அறைக்குள் வந்தது. மறுபடி போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது முடிவு இல்லையே" என்றார் கடைசியில், யாரிடமோ சண்டை போடுவது மாதிரி. "கதையே இங்கதானே ஆரம்பிக்குது. நான் இதைக் கொண்டுபோய் முடிவுல... " மேலே சொல்லாமல் எழுந்து அந்த அறைக்குள்ளேயே நடந்தார். பிறகு அவள் முன்னால் வந்து நின்றார். அம்மாவை நோக்கி அல்ல, அவளை நோக்கி. "இந்த ஒரு சீனை நீங்களே வந்து நடிச்சுக் கொடுங்களேன்."

"எனக்கு நடிக்க வராது சார். பார்த்தீங்கல்ல, சிரிச்சுடுவேன். இப்படிப் பேசுறவங்க எல்லாரும் நடிகைங்க ஆயிட முடியுமா? நேராப் பேசுறவங்க எல்லாரும் நடிக்கிறாங்களா என்ன?" கொஞ்சம் நிறுத்தினாள். "நடிக்கத் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா. உங்க ஆபீசுக்கே வந்தா."

"என் ஆபீசுக்கா? எப்போ?"

"ஆள் தேடினப்போ. பச்சைக் கண்ணாடி, சக்கர நாற்காலி. பேச்சு புரியலைன்னு வாசல்லயே அனுப்பிட்டாங்க."

இயக்குநர் அண்ணனைப் பார்த்தார். அண்ணனுக்கும் இது புதுச் செய்தி என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. நடிகை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

"எனக்குச் சத்தியமாத் தெரியாதும்மா. தேடினோம், தேறலைன்னுதான் சொன்னாங்க."

"நான் பேசுறது உங்களுக்குப் புரியுதா சார்?"

"புரியுது."

"அவ என்னைவிடத் தெளிவாப் பேசுவா."

இயக்குநர் உடனே "கூப்பிடுங்க" என்றார்.

அவள் போனை மேஜைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாளோ என்று நினைத்தபோது எடுத்தாள்.

"என்னடி?"

அவள் சொன்னாள். குரல் கொடுக்க வந்தது, வாயசைவு பொருந்தாதது, சிரித்தது, எல்லாம். நேரம் எடுத்தது. அந்த முனையில் பட்டாசு ஒரு 'உம்' கூடக் கொட்டவில்லை. முடிந்ததும் வேகமாக என்னவோ கேட்டாள்.

அது இயக்குநருக்கு முழுதாகப் பிடிபடவில்லை. பழைய பழக்கத்தில் அம்மாவைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"என்னைக் கேட்டா?" என்றாள் அம்மா. "அவங்களையே கேளுங்க."

இயக்குநர் போனின் பக்கம் குனிந்தார். "நான்தாம்மா டைரக்டர் பேசுறேன். இன்னொரு தடவை சொல்றீங்களா? எனக்குப் புரியலை."

அந்த முனையில் சின்னதாக ஒரு சிரிப்பு. பிறகு, கல்லை ஒவ்வொன்றாக அடுக்குவதுபோலப் பட்டாசு சொன்னாள்:

"நான் வரணும்னா, முழுப் படத்துக்கா? இல்லை, உங்க ஓட்டையை அடைக்க ஒரு சீனுக்கு மட்டுமா?"

இது அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

இயக்குநரின் சட்டைப் பையில் அவருடைய போன் அதிர ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தார். தயாரிப்பாளர். ரிலீஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்பது அண்ணனுக்கும் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் புறம் அவன் எழுந்து நின்றுவிட்டான். முழுப் படம் என்றால் மறுபடி முதலில் இருந்து. ஒரு சீன் என்றால் அந்த முனையில் பட்டாசு போனை வைத்துவிடுவாள். இரண்டில் எதைச் சொன்னாலும் அவன் வேலை அந்தரத்தில்.

இயக்குநர் கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. திரையில் உறைந்திருந்த நடிகையின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் உட்கார்ந்திருந்த நிஜ முகத்தைப் பார்த்தார்.

நடிகை எழுந்தாள். நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவர் பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் போனைப் பார்த்து. "நான்தான் அந்தப் படத்துல நடிச்சவ."

"தெரியும்" என்றது போன். "சொல்லுங்க. கேக்குறேன்."